பன்னிரண்டாவது மனு

"சார், பள்ளம், பாத்து!"

டெய்லரக்கா கத்தி வாய் மூடவில்லை, தொப்பென்று சத்தம் கேட்டது. வாயில் நூல் இருந்ததால் அதைத் துப்பிவிட்டுக் கத்துவதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. எட்டிப் பார்த்தால், தோல்பையும் கையுமாக ஒரு மனிதர் நடைபாதையில் குப்புறக் கிடந்தார்.

அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. மறைப்பானேன்?

கடைக்கு முன்னால் நடைபாதைக் கல் உள்வாங்கிப் பள்ளம் விழுந்து எட்டு மாதமாகிறது. அதற்குப் பயந்து பாதி வாடிக்கையாளர்கள் எதிர்வரிசைத் தையற்கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க 'ஒரே நாளில் தைத்துத் தரப்படும்' என்று இடுப்புயரத்துக்கு ஒரு போர்டு எழுதி வாசலை ஒட்டி நடைபாதையிலேயே நிறுத்தியும் பலனில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

நகராட்சிக்குப் பதினோரு மனு போட்டாள். பதினோரு தடவையும் ஒரே பதில் வந்தது: 'மேற்படி பள்ளத்தால் இதுவரை எவருக்கும் காயம் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை.' எப்படி ஏற்படும்? போகிறவர் வருகிறவரையெல்லாம் இவளே மெஷினை நிறுத்திவிட்டுக் கத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருத்தர் விழுந்தால் தேவலை என்று மனம் நினைக்கும். ஆளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

இன்றைக்குத்தான் வேளை வந்திருக்கிறது. 'நடைபாதையில் அடிபட்டால் செய்ய வேண்டியவை' என்று வாரப் பத்திரிகையில் வந்திருந்ததை வெட்டி எடுத்து, மெஷினுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

எழுந்திருக்கப் போனவரைத் தடுத்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அவரைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். பழக்க தோஷம், தையலுக்கு விடுகிற மாதிரி ஓர் அங்குலம் கூடவே விட்டாள். பிறகுதான் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்காலைக் கழுவி, புதுத்துணி கிழித்துக் கட்டுப் போட்டாள். பேன்ட் கிழிந்திருந்ததைத் தைத்துத் தருவதாகவும் சொன்னாள். சாய்ந்து கிடந்த போர்டையும் நிமிர்த்தி வைத்து, முந்தானையால் தூசி தட்டினாள்.

விழுந்தவர் கணக்கு வாத்தியார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருக்கிறாராம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. விழுந்ததும் விழுந்தார், வாத்தியாராக விழுந்திருக்கிறார். அவர் சொல்லை யார் தட்ட முடியும்?

"அக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். அதிகாரி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாது. பத்திரிகையிலயே போட்டிருக்கு."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். அக்கா செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பள்ளத்தை அளந்து, அளவு நோட்டில் யாருடைய இடுப்பளவுக்கோ கீழே நீளம், அகலம், ஆழம் என்று எழுதிக்கொண்டாள். பள்ளத்திலிருந்து சாக்கட்டிக் கோடு வரை ஏழடி இருந்தது. ஒரு மனுஷனை ஏழடிக்குத் தூக்கி அடித்திருக்கிறதே என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

சாட்சிக்குப் பக்கத்துக் கடைச் சாவிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் எதையும் கண்ணால் பார்க்கவில்லையாம், சத்தம்தான் கேட்டதாம்.

"என்ன சத்தம்?"

"முதல்ல உங்க சத்தம். அப்புறம் அவர் விழுந்த சத்தம்."

அக்கா இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள்.

காயம் என்ற வார்த்தைக்கு என்ன மகிமையோ, போன் போட்ட அரை மணியில் நகராட்சி மேற்பார்வையாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பதினோரு பதிலிலும் கையெழுத்துப் போட்ட அதே ஆள். கோட்டைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். முகம் சுண்டிப் போயிற்று.

வாத்தியார் மறுபடி வாயைத் திறந்தார். அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

"இவ்வளவு பக்காவா யாரும் குடுத்ததில்லம்மா," என்று மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார். காயத்துக்குக் காரணமான எதையும் நடைபாதையில் விட்டு வைக்கக் கூடாது என்பது விதியாம். இன்று சாயங்காலத்துக்குள் அதற்கு ஒரு வழி செய்துவிடுவதாகச் சொன்னார். படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. விழுந்ததற்குக் காரணம் என்ன என்பதை மட்டும் அடிபட்டவரே தன் வாயால் சொல்ல வேண்டும்.

எட்டு மாதக் கஷ்டம் தீர்ந்தது என்று அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போர்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"இப்பப் பேசலாம் சார். நடந்தது நடந்தபடி, ஒண்ணு விடாம சொல்லுங்க."

வாத்தியார் ஒரு முறை கட்டுப் போட்ட முழங்காலைப் பார்த்தார், ஒரு முறை அக்காவைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"பள்ளத்த நல்லபடியா தாண்டிட்டேன் சார். அக்கா பின்னாலேருந்து கத்தவும் என்னமோ ஏதோன்னு திரும்பினேன், அவங்க கை வச்சிருக்காங்களே, அந்த போர்டுலதான் இடிச்சு விழுந்தேன்."