ஐஸ் வாளிக்குள் ஒரு கை

உடைமாற்றும் அறை வாசலில் எங்கள் அணி வேடின் பை இழுத்து மூடித் தயாராக நிற்கிறது. ஐஸ் ஹாக்கி மட்டைகளைக்கூட அவன் கட்டி வைத்துவிட்டான். வலது கை மட்டும் ஐஸ் வாளிக்குள் கிடக்கிறது. "நம்ம ஈலிஸை இடிக்கிறவனை நீ கவனி, நாளைக்குப் பெரிய லீக்குக்கு உன் பேரைத்தான் சொல்லுவேன்" என்று கோச் மொரெல் நேற்று ஆட்டத்துக்கு முன் சொன்னார். அப்படி ஒருவனைக் குத்திக் கவனித்ததில் வேடின் விரல்கள் உடைந்துவிட்டன. இதோ, கோச் வருகிறார். நாங்கள் மட்டைகளைக் கையில் எடுக்கிறோம். பெரிய லீக்குக்குப் போகிறவனுக்குத் தரையில் தட்டித்தான் வழியனுப்புவோம். "ஈலிஸ், கிளம்புடா. உன்னைத்தான் கூப்பிடுறாங்க." ஒரு மட்டையும் தரையைத் தொடவில்லை. "என் பேரைச் சொல்றேன்னீங்களே கோச்?" என்கிறான் வேட். "சொன்னேன்பா. கை எப்படின்னு கேட்டாங்க. பொய் சொல்ல முடியுமா?" ஈலிஸ் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வேட் இடது கையால் மட்டைக் கட்டைப் பிரித்து, ஒன்றை உருவி, ஈலிஸுக்காகத் தட்டுகிறான். அப்புறம்தான் நாங்களும் தட்டுகிறோம். சத்தம் அடங்கியதும் கோச் வேடின் பக்கத்தில் குனிகிறார். "இன்னைக்கு ராத்திரி ஆட்டத்துல, நேத்து நீ குத்தின அந்தத் தடியன் மறுபடி வருவான். இடது கை நல்லாத்தானே இருக்கு?"