நாலு மூலைக்கு நாலு பாட்டில்

"எங்க இடத்துல என்ன பண்றீங்க?"

சில்வானாவின் குரல் கேட்டு, செர்ரி மரத்தடியில் குனிந்திருந்த இளைஞன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கறுப்பு கோட்டு, டை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன் என்று பார்த்தாலே தெரிந்தது. பூ பார்க்க வரும் மேலதிகாரிகளுக்காக விடியும்போதே வந்து இடம் பிடிக்கும் வேலை அப்படிப்பட்டவன் தலையில்தான் விழும்.

அவனுடைய அலுவலக விரிப்பு பக்கத்தில்தான் இருந்தது. அவனோ சில்வானா வீட்டு விரிப்பின் மேல் நின்றான்.

அவள் கணவன் எவர்டன் நாலு மூலையிலும் வைத்துவிட்டுப் போன குவரானா குளிர்பான பாட்டில்கள் ஓரமாக வரிசையில் நின்றன. அவை இருந்த இடத்தில் நாலு பச்சைத் தேநீர் பாட்டில்கள்.

"எங்க பாட்டிலை எடுத்துட்டு உங்க பாட்டிலை வெச்சா, இடம் உங்களுதாயிடுமா?"

"மன்னிச்சிடுங்க. அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பிரேசிலிலிருந்து ஜப்பானின் ஹமமத்சுவுக்கு வந்த நாளாக, ஒவ்வொரு வசந்தத்திலும் தாமதமாக வந்து கழிப்பறை ஓரம் உட்கார்ந்து பூ பார்த்த குடும்பம் அது. பிரேசில்காரர்கள் என்றால் லேட்டு, பிரேசில்காரர்கள் என்றால் சத்தம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த வருஷம் மகள் லோரேனாவின் வகுப்புத் தோழிகளை, அம்மாக்களோடு, முதல் தடவையாக அழைத்திருக்கிறாள். அதற்காகவே எவர்டன் இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு, ஆலையில் கேட்டு வாங்கிய பெரிய விரிப்பை இங்கே விரித்துவிட்டு, இவர்களை அழைத்து வர வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, அவர் ஷூவைக் கழட்டிட்டுத்தான் ஏறியிருக்காரு," என்றாள் லோரேனா.

"நீ சும்மா இரு."

இதற்குள் அவளுடைய மூன்று வயது மகன் காயோ ஷூவோடு விரிப்பில் ஏறி இரண்டு சுற்று ஓடிவிட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை.

இளைஞனின் பார்வை அடிக்கடி தன் விரிப்பின் பக்கம் போனது.

"நான் பேசிட்டிருக்கேன். அங்க என்ன பார்வை? இங்க பாருங்க."

அவள் ஆலையில் நின்றபடியே கற்றுக்கொண்ட ஜப்பானிய மொழி. மரியாதை ஒரு சொல்லில்கூடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. எவர்டனே அசந்துபோய் நின்றான். அவன் மனைவியா இது?

திடீரென்று ஒரு காற்று. பக்கத்து விரிப்பு அப்படியே எழும்பி, உருண்டு போய்க் குளத்தில் விழுந்தது. இளைஞன் ஷூவைக்கூடப் போடாமல் ஓடினான்.

சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பி வருவதற்குள், வெறுமனே கிடந்த இடத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் விரித்து உட்கார்ந்துவிட்டது. அவன் விரிப்பைப் பிழிந்தபடி நகர்ந்து போனான்.

"வேணும். அடுத்தவங்க இடத்துக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்," என்றாள் சில்வானா தன் மொழியில்.

அம்மாக்கள் வந்தார்கள். பூ தலைக்கு மேலேயே இருந்தது. கழிப்பறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. சீஸ் பன்னைப் பரிமாறியபடியே சில்வானா நடந்ததைச் சொன்னாள்.

"நான் விடலையே. நிக்க வெச்சுக் கேட்டேன்."

"ஜப்பான்காரங்க எங்களுக்கே அப்படிப் பேச வராது," என்றாள் அவர்களில் ஒருத்தியான தெராதா அம்மா. சில்வானாவுக்குத் தலை கால் புரியவில்லை. தன் குடும்பத்தை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

சற்றுத் தள்ளி அலுவலகக் கூட்டமும் வந்து சேர்ந்தது. மேலதிகாரி கத்துவது நன்றாகவே கேட்டது.

"காலையில இருந்து உனக்கு இருந்தது ஒரே வேலை. அதையும் கோட்டை விட்டுட்டியா?"

"என் தப்புதான்," என்று இளைஞன் தலை குனிந்தான்.

காயோ விளையாட ஒரு தேநீர் பாட்டிலைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. எவர்டன் எடுத்துப் பார்த்தான்.

"இதுல தண்ணி ரொப்பியிருக்கே. நான் வெச்சது காலி பாட்டில்."

"காலி பாட்டிலை எதுக்கு வெச்சீங்க?" என்றாள் தெராதா அம்மா.

"எல்லாரும் மூலைக்கு ஒண்ணு வெச்சிருந்தாங்க. இடம் பிடிச்சதுக்கு அடையாளம்னு நினைச்சேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடையாளம் இல்லீங்க, பாரம். இந்தக் காத்துக்குக் காலி பாட்டில் நிக்குமா? உங்க விரிப்புதான் முதல்ல குளத்துக்குப் போயிருக்கும்."

சில்வானாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆளில்லாத இந்த விரிப்பு பறக்கப் பார்த்ததும், அந்த இளைஞன் தன் பாட்டில்களை எடுத்து வந்து வைத்திருக்கிறான். தன் விரிப்புக்குத் தானே பாரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பான். போகவிடாமல் நிறுத்தி வைத்தது யார்?

தெராதா அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு விஷயம் உறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

லோரேனா மட்டும் அம்மாவையே பார்த்தாள்.

"திட்டும்போது நல்லா சத்தமா பேசினியேம்மா."

சில்வானா எழுந்தாள். ஷூவைப் போடத் தோன்றவில்லை. புல்லில் அப்படியே நடந்து போய் அந்த இளைஞன் முன்னால் இடுப்பு மடியக் குனிந்தாள்.

மேலதிகாரி இன்னும் நிறுத்தவில்லை. "ஒரு இடத்தைக் காப்பாத்தத் துப்பில்லையா உனக்கு?"

சில்வானா நிமிர்ந்தாள்.

"இவர் காப்பாத்தின இடம் அதோ இருக்கு," என்றாள், பூங்காவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில். "எல்லாரும் வந்து உட்காருங்க."