செக்-அவுட் பன்னிரண்டு மணி

“காலி பண்ணலன்னா இன்னாம்மா செய்வீங்க?”

பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி லாட்ஜ் கவுன்டரில் இருந்த எஸ்தருக்குப் பிடிக்கவே இல்லை. “பன்னெண்டு மணிக்கு வந்து கதவ தட்டுவோம் சார்,” என்றாள்.

“தட்டியும் தொறக்கலன்னா?”

“மாத்து சாவி இருக்குது. போட்டு தொறந்துடுவோம்.”

“கண்டிப்பா தொறந்துடுவீங்கல்ல?”

அவள் தலையாட்டியதும் பெரியவரின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துத்தான் எஸ்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பூங்குயில் லாட்ஜ் ஒன்றும் பகட்டான இடமில்லை. வெளுத்த படுக்கை விரிப்பு, காலை ஆறு மணிக்கு வெந்நீர், நல்ல காற்று, அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் கல்யாணப் புடவை எடுக்கவும் வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். தனி ஆளுக்கு மட்டும் ரூம் கிடையாது. இது முதலாளி கண்ணாயிரம் போட்ட சட்டம்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேல்மாடியில் தனியாகத் தங்கிய ஒருவர் மறுநாள் கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது அவரை முதலில் பார்த்தது எஸ்தர்தான். அன்றிலிருந்து அவள் சூடு கண்ட பூனை.

இந்த மனுஷரிடம் பெட்டிகூட இல்லை, ஒரு மஞ்சப்பைதான். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தால் அது இன்னும் மோசம். ராமலிங்கம், பிள்ளையார்பாளையம்.

“சார், பத்து நிமிஷம் நடந்தா உங்க வூடு. இங்க எதுக்கு ரூமு?”

“வூட்ல விருந்தாளிங்கம்மா. படுக்க எடமில்ல,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லிப் பழகாதவர் என்பது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். “நாலு லாட்ஜுல கேட்டுட்டேன். தனி ஆளுன்னதும் இல்லன்னுட்டாங்க. ஒரே ஒரு நாளும்மா.”

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. இல்லையென்று அனுப்பி, இவர் வேறெங்காவது போய் ஏதாவது செய்துகொண்டால்? அந்தப் பாவம் யாருக்கு? முதலாளி திட்டினாலும் சரி, கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று கவுன்டருக்கு நேரே இருந்த நூற்றியொன்றைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு வேன் நிறைய பெங்களூர்க்காரர்கள் புடவைப் பைகளோடு வந்து இறங்கினார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. எஸ்தரின் கண் மட்டும் மூடிக்கிடந்த அந்த ஒரு கதவிலேயே இருந்தது. அரை மணிக்கொரு தரம் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

“சார், தண்ணி வருதா?”

“ஜோரா வருதும்மா.”

“சார், டீ வேணுமா?”

“எனக்கு இருக்கட்டும். நீ குடிச்சியாம்மா?”

அவளை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பாழாய்ப்போன மனுஷர், இவ்வளவு நல்லவராக வேறு இருந்து தொலைக்கிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எட்டு மணிக்கு டூட்டி மாறியது. இரவு வேலைக்கு வந்த ராமராஜனிடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ளும்படி நூறு தரம் சொல்லிவிட்டுத்தான் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஓடிவந்து முதல் வேலையாக இன்டர்காமை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

“அண்ணா, அந்த சார் வெளிய வந்தாரா?”

“கதவே தொறக்கலம்மா,” என்றார் ராமராஜன்.

தட்டினாள். “சார்! சார்!” பதில் இல்லை. மாற்றுச் சாவியைப் போட்டாள். கதவு உடனே திறந்துகொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கவே இல்லை.

பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். துவைத்த வேட்டி, வாரிய தலை, மார்பின் மேல் இரண்டு கையும் கோத்திருந்தன. மேஜையில் காலியான மாத்திரை அட்டை ஒன்று. பக்கத்தில் ஒரு காகிதம்: ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மகள் ஜெயப்ரியாவுக்குச் சொல்லவும்.’ கீழே ஏதோ வெளிநாட்டு நம்பர்.

“ஏசப்பா!” என்று அவள் போட்ட அலறலில் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“மணி பன்னெண்டு ஆயிடுச்சாம்மா?”

எஸ்தருக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. “ஒம்பதுதான் ஆவுது! எவ்ளோ நேரமா கூப்ட்டுக்கினு இருக்கேன்! இன்னா சார் லெட்டர் இது, இன்னா மாத்திர இது? சாவறதுக்குன்னே ரூம் போட்டீங்களா?”

“அய்ய, நான் எதுக்கும்மா சாவணும்?” அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். “அது பிரஷர் மாத்திரம்மா, நேத்தோட தீந்துச்சு. வூட்ல விருந்தாளின்னது பொய்தான். எனக்கு யாரும்மா வரப் போறாங்க? ஒண்டி ஆளு. எதிர்வூட்ல சின்னப்பையன்னு என் வயசுக்காரரு, அவரும் ஒண்டி ஆளுதான். போன மாசம் தூக்கத்துலயே செத்துப் பூட்டாரு. தெரு முச்சூடும் தறிச் சத்தம். மூணு நாளா கதவு மூடியிருக்குதேன்னு ஒர்த்தரும் கேக்கல. எதிர்லயே இருக்கிற நானும் கேக்கலம்மா. அதுலர்ந்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல.”

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப இங்க மட்டும் எப்படி இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினீங்க?”

பெரியவர் கூச்சத்தோடு சிரித்தார்.

“நீதான் பன்னெண்டு மணிக்கு தட்டுவேன்னு சொன்னியேம்மா.”