ஐந்தாவது கோடு

குடிபோகும் வீடுதோறும் வேலாயுதம், மகள் அஞ்சலையை நிலைக்காலோடு நிறுத்தி, ரப்பர் மரம் சீவும் கத்தியால் அவள் உயரத்துக்கு ஒரு கோடு வெட்டுவான். அவன் இடக்கைக்காரன், கோடு மற்றவர்கள் வெட்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும். நான்கு தோட்டம், நான்கு வீடு, நான்கு கோடு. அப்புறம் ஜப்பான்காரன் அவனைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான்.

ஐந்தாவது வீடு பாடாங் மேஹா தோட்டத்தில். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மனைவி செங்கமலம் மகளோடு உள்ளே போனாள். நிலைக்காலில் ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தும் அதே எதிர்ச்சாய்வு; கீழே நான்கும் பழைய வீடுகளில் வெட்டிய அதே உயரங்கள். ஐந்தாவதில் மட்டும், இப்போதுதான் வெட்டியதுபோல, மரம் இன்னும் ஈரமாக இருந்தது.

காய்ச்சலில் கிடந்து எழுந்த அஞ்சலை முதுகை ஒட்டி நின்றாள். நான்காவது கோட்டோடு சரி.

“எட்டலையேம்மா.”

செங்கமலம் தன் பங்கு மரவள்ளிக்கிழங்கையும் மகள் தட்டில் வைத்தாள்.

“எட்டுவடி. அப்பா அளக்காம வெட்ட மாட்டாரு.”