ஒருவர் மட்டும்

"தொறக்க மாட்டேங்குதுங்க. 'காசி பயன்படுத்துகிறார்'னே வருது," என்றாள் ஜோதியம்மாள், கம்ப்யூட்டரை விட்டுக் கையை எடுத்துக்கொண்டு.

அவள் கணவர் அப்பாதுரைக்கு வேர்த்தது. பௌர்ணமி. மணி மூன்று. செங்கம் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய லாட்ஜின் முன்கூடத்தில், ரூம் பதிவு செய்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ரூம் யாருக்கு என்பது அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கிறது.

"அந்தக் காசிப் பய எங்க?"

"கிரிவலம் போயிட்டான், பத்து நிமிஷம் ஆச்சு. பின்ரூம் கம்ப்யூட்டர்ல ஃபைலைத் தொறந்தபடியே விட்டுட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருவிக்கினு போயிட்டான். போனு இங்கயே கெடக்குது."

இந்தத் தலைவலி அப்பாதுரையே விலைக்கு வாங்கியது. முன்பெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபைலைத் திறக்கலாம். போன சித்திரையில் ஏழாம் நம்பர் ரூமை ஜோதியம்மாள் ஒரு புதுமணத் தம்பதிக்கும், அதே நேரத்தில் குமாஸ்தா காசி சித்தூர் பஜனை கோஷ்டிக்கும் கொடுத்துவிட்டார்கள். கோஷ்டி முந்திக்கொண்டு உள்ளே போய் ஆர்மோனியத்தைப் பிரித்துவிட்டது.

வேங்கிக்காலிலிருந்து கம்ப்யூட்டர்காரர் சரவணகுமார் வந்தார். "எல்லாரும் தொறக்கட்டும் சார். ஒருத்தர் எழுதற வரியை மட்டும் மத்தவங்களுக்குப் பூட்டி வெச்சிடலாம்," என்றார்.

"அந்த வேலையே வேணாம். ஒருத்தர் தொறந்தா மத்தவங்க வெளிய நிக்கணும். 'ஒருவர் மட்டும்'னு போட்டுடுங்க."

போட்டுவிட்டுப் போனார். இப்போது அப்பாதுரையே வெளியே நிற்கிறார்.

"பூட்டை ஒடச்சிடட்டுமா?"

"ஒடச்சி? பாஸ்வேர்டு அவனுக்குத்தான தெரியும்."

"மெயினை ஆஃப் பண்ணிட்டா?"

"பண்ணுங்க. போன தடவை கரண்ட் போயி ஃபைலே கெட்டு, ரெண்டு நாள் சரவணகுமாரை ஒக்கார வெச்சி சோறு போட்டோமே, மறந்துட்டீங்களா?"

அப்பாதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். பாதையில் இன்று வண்டி விடமாட்டார்கள். எதிர்த்திசையில் போய் மடக்கலாம் என்றால் அத்தனை ஜனத்தையும் நீந்தவேண்டும். துரத்துவது ஒன்றுதான் வழி. அறுபது வயது வரைக்கும் ஒரு தடவைகூட மலையைச் சுற்றாதவர் அவர். கேட்டால், "நான் மலைக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீட்டை எவனாவது சுத்தி வருவானா?" என்பார்.

வாசலில் செருப்பைக் காணோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்தில் செருப்பு தொலைவது வழக்கம்தான். வெறுங்காலோடு இறங்கினார்.

எமலிங்கத்தருகே போன் வந்தது. "ஏங்க, அவன் ஒரு லிங்கத்தையும் கும்பிடாம தாண்ட மாட்டான். எல்லாக் கோயில்லயும் உள்ள போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். போனவர் சும்மா வர முடியுமா, கும்பிட்டும் வைத்தார்.

வெளியே சுண்டல் விற்றவளிடம், "நெட்டையா, நீலச் சட்டை போட்டு ஒருத்தன் போனானா?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க போறாரு."

நிருதிலிங்கத்தில் இளநீர்க்காரரும் அதையே சொன்னார். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் இப்போதுதான் போகாத நிமிஷமே கிடையாது என்பது பாவம், அப்பாதுரைக்குத் தோன்றவில்லை.

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கால் கொதித்தது. போனை எடுத்தார். "ஜோதி, நான் திரும்பிடறேன்."

"பாதி வந்துட்டீங்க. திரும்பினாலும் அதே தூரந்தான். இங்க ஜனம் ஒரே கூச்சல். காப்பி குடுத்து ஒக்கார வெச்சிருக்கேன்."

போனில் கூச்சல் எதுவும் கேட்கவில்லை. காப்பி நன்றாக வேலை செய்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

வாயு, குபேரன், ஈசானியம், இந்திரன், அக்கினி என்று மீதி லிங்கம் அத்தனையும் நுழைந்து தேடி, கும்பிட்டு, ஊரில் விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு நொண்டிக்கொண்டே லாட்ஜுக்குள் வந்தார்.

கூடம் காலி. மாட்டியிருந்த சாவிகளில் ஒன்றுகூட இல்லை. மேஜைக்குப் பின்னால் கசங்காத நீலச் சட்டையோடு காசி உட்கார்ந்திருந்தான்.

"எப்படா வந்தே?"

"நான் எங்கங்க போனேன்? பின்ரூமுக்குள்ளதான் இருந்தேன். நீங்க தெருமுனை தாண்டினதும் அம்மா வெளிப்பூட்டைத் தொறந்தாங்க, நான் ஃபைலை மூடினேன். அரை மணியில எல்லா ரூமும் குடுத்தாச்சு."

அப்பாதுரை மனைவி பக்கம் திரும்பினார். ஜோதியம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து அவருடைய செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"மூணு வருஷம் முன்ன வேலூர் ஆஸ்பத்திரியில நீங்க கண்ணு முழிக்காம கெடந்தப்ப, பொழைச்சி வந்தா வெறுங்காலோட மலையைச் சுத்துவீங்கன்னு வேண்டிக்கினேன். நானே சுத்தி முடிச்சிருப்பேன், ஆனா அண்ணாமலையாரும் உங்கள மாதிரியே 'ஒருவர் மட்டும்'னு போட்டு வெச்சிருக்காரே, உங்க பேர்ல இருக்கறத நான் எப்படித் தொறக்கறது?"