பின்னேர ரத்தம்

கிருபானந்தன் அண்ணையைச் சிறிதரன் கடைசியாக உயிரோடு கண்டது 2012 ஆவணியில், ஹோம்புஷ் ஃப்ளாட்டின் வாசலில். வீட்டை விட்டுப் போக நின்றவரின் கையில் ஒரே ஒரு பை. படகில் வந்த மனிசனுக்கு அதற்குமேல் சாமான் சேரவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. நானும் நிரஞ்சினியும் இரவு வேலைக்குப் போனாப் பிறகு, பிள்ளைக்கு ஊசி போட்டனீங்களோ?"

"ஒருநாளும் தவறவிடேல்லைத் தம்பி."

சிறிதரன், நிரஞ்சினியின் மகள் வினுஷாவுக்கு எட்டு வயது. பார்த்தால் ஐந்து மதிக்கலாம். படுக்கப் போகுமுன் தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. அதைப் போடும் பொறுப்பு, வீட்டோடு இருந்த அண்ணையிடம்.

"அப்ப ஏன் ரத்தத்தில எலும்பு வளர்ச்சியைக் காட்டுற அளவு இறங்கிக் கிடக்கு? மூண்டு மாசத்துக்கு வாற நீடில் பெட்டி ஏன் பாதியில முடிஞ்சது? பிள்ளை அழுதவுடனே இரங்கி, சும்மா எறிஞ்சனீங்களோ?"

அவர் வினுஷாவை ஒருதரம் பார்த்தார்.

"போயிட்டு வாறன் தம்பி."

மூன்றாம் கிழமை மெல்பேர்னில் இருந்து போன் வந்தது. மாரடைப்பு.

அடுத்த கிளினிக்கில் அளவு பழையபடி ஏறியிருந்தது.

"பாத்தீங்களே கமலினி அக்கா, ஷிஃப்டை மாத்தி நான் போடத் தொடங்கினாப் பிறகு ஏறிட்டுது."

நேர்ஸ் கமலினி ஃபைலைப் புரட்டினாள். "போனமுறை எத்தினை மணிக்கு ரத்தம் குடுத்தனீங்கள்?"

"பின்னேரம் மூண்டு. வேலையால வந்து, படுத்தெழும்பிக் கூட்டிவந்தனான்."

"அதுக்கு முந்தினதும் இந்தமுறையும் காலமை எட்டு மணிக்கு. இந்த அளவு விடியக் கூடுதலா இருக்கும், பின்னேரம் தானா இறங்கும். ரெண்டையும் ஒப்பிட ஏலாது. உயரத்தைப் பாருங்கோ, ஒழுங்காத்தான் கூடியிருக்கு. ஊசி தவறேல்லை."

சிறிதரனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒழுங்காகப் போட்டவருக்கு ஏன் இரண்டு மடங்கு நீடில்? வித்திருப்பாரோ? சீ, வெறும் நீடிலை ஆர் வாங்குவான்?

அன்றிரவு வழமைபோல அழுகை. நிரஞ்சினி காலைப் பிடிக்க, அவன் ஊசியைப் போட்டு முடித்தான்.

"பெரியப்பா போடேக்கையும் இப்பிடித்தான் அழுதனியே?"

"நோ."

"ஏன்?"

"பெரியப்பா ஃபர்ஸ்ட். வெறும் நீடிலைத் தன்ட காலில குத்திப்போட்டு, 'ஐயோ அம்மா' எண்டு கத்துவார். நான் சிரிப்பன். பிறகு எனக்குப் புது நீடில். எவ்ரி டே."

"இதை ஏனம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?"

"பயந்தாங்கொள்ளி எண்டு நீங்கள் ஏசுவீங்கள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவர் ப்ராமிஸ் பண்ணினவர்."

சிறிதரன் கையில் இருந்த நீடிலைப் போடப் போனான். குளிர்ப்பெட்டிக்கு மேல் இருந்த, பாவித்த நீடில் போடும் மஞ்சள் டப்பா கழுத்துவரை நிரம்பியிருந்தது.

அடியில் கிடந்தவற்றில் பாதி, அண்ணையின் காலில் குத்தியவை.