தலையணைப் புத்தகம்

"மூணாம் பிரிவுல அத்தனை பேரும் பாஸ், சார். நாப்பதுக்கு நாப்பது!"

இளைய விரிவுரையாளர் மதிப்பெண் பட்டியலை நீட்டியதும் கணிதத் துறைத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உண்மையாகவே பாவவில்லை. மூட்டு வலிக்குக் காலை உயர்த்தி வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். மேசைக்கு அடியில் பியூன் தள்ளிவிட்டிருந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல்தான் இப்போதெல்லாம் அவர் கால்கள் குடியிருந்தன.

"மத்த ரெண்டு பிரிவு?" என்றார், அக்கறை இல்லாதவர் போல.

"முதல் பிரிவுல பாதிப் பேர். ரெண்டாம் பிரிவுல அதுக்கும் கொஞ்சம் மேல." சொல்லும்போதே அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது.

முதலாண்டு மாணவர்களுக்கு எந்த நுண்கணிதப் புத்தகத்தை வைப்பது என்று துறையில் மூன்று மாதமாகக் குடுமிப்பிடிச் சண்டை. இளையவர் கொண்டுவந்தது படங்களோடு, எதிரே உட்கார்ந்து பேசுவது போல எழுதிய மெல்லிய புத்தகம். "இது கதைப் புத்தகம்மா" என்று தலைவர் அதைத் தள்ளி வைத்தார். ‘மேற்கோள்’ என்று எல்லோரும் அழைக்கும் மூத்த பேராசிரியர் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைத் தூக்கி வந்தார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அது எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று பதில் சொல்வார்.

மூன்றாவது, தலைவரே எழுதியது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். அதில் வகையிடல் தொடங்குவது இருநூற்று நாற்பதாம் பக்கத்தில். அதுவரைக்கும் முன்னுரை, முன்னுரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு அடிக்குறிப்பு. துறையில் அதற்குத் ‘தலையணை’ என்று பெயர். அது தலைவர் காதுக்கும் எட்டியிருந்தது.

பதினோரு வருட உழைப்பு. இதுவரை ஒரு கல்லூரியும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் ஓய்வு. "வர்றப்ப அந்தப் புத்தகத்தையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க. கட்டிலுக்கு அடியில இருக்கறதே போதும்" என்று மனைவி வேறு சொல்லிவிட்டாள். ஒரே ஒரு வகுப்பாவது தன் புத்தகத்தை வைத்துப் படித்ததைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர் மனம் கிடந்து தவித்தது.

"சண்டை எதுக்கு சார்? பசங்ககிட்டயே கொடுத்துப் பார்த்துடலாம்" என்று யோசனை சொன்னது இளையவர்தான். மூன்று பிரிவு, மூன்று புத்தகம். பெரும மதிப்பு, சிறும மதிப்பு என்ற ஒரே பாடம். மூன்று வாரத்துக்கு ஆசிரியர் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். புத்தகங்களை வகுப்புகளுக்கு அனுப்பும் பொறுப்பைத் தலைவர் தாமே ஏற்றுக்கொண்டார். ஏற்ற கையோடு அதைப் பியூன் தலையில் கட்டினார்.

தலையணை, மூன்றாம் பிரிவுக்கு என்று முடிவானபோது அந்த நாற்பது பேருக்காக எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

இப்போது, எதிர் நாற்காலியில் இருந்த மேற்கோள் தொண்டையைச் செருமினார். "நான் அன்னிக்கே சொன்னேன். புத்தகம்னா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கணும். அப்பதான் பசங்க யோசிப்பாங்க." அவர் அன்றைக்குச் சொன்னது வேறு. அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

"எனக்கே நாலு பக்கத்துக்கு மேல ஓடலை சார். தப்பு என்மேலதான் போல. மன்னிச்சுக்குங்க" என்றார் இளையவர்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பது போலச் சமாளித்தார். "பரவாயில்லம்மா. போகப் போகப் புரியும்" என்று பெருந்தன்மையோடு சொல்லி, பாடநூல் பரிந்துரைப் படிவத்தில் தம் புத்தகத்தின் பெயரை முத்து முத்தாக எழுதினார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்தப் பிரிவுல ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டுடலாமா சார்? எந்தப் பகுதி உதவுச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் வர்றவங்களுக்குச் சொல்லலாம்."

கரும்பு தின்னக் கூலியா? தலைவர் உடனே ஆளனுப்பினார்.

மூன்றாம் பிரிவின் வகுப்புத் தலைவி வந்து நின்றாள். தலைவருக்குத் தெரிந்த முகம்தான். இந்த மூன்று வாரத்தில் நான்கு முறை இதே வாசலில் வந்து நின்றவள். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து கீழே பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவள். இந்தக் காலத்திலும் இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளையா என்று அவர் வியந்துபோயிருந்தார்.

"பயப்படாம சொல்லும்மா. எப்படிப் படிச்சீங்க?"

"கரும்பலகையில போட்டுப் போட்டுப் பார்த்தோம் சார். ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் திருத்துவோம். வராததை ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு, மறுநாள் வந்து மறுபடி சண்டை போடுவோம்."

"கேட்டீங்களா!" என்று தலைவர் மற்ற இருவரையும் பார்த்துப் பூரித்தார். பெட்டியின் மேல் கால்களை இன்னும் சற்று வசதியாக நீட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தார். "சரி, புத்தகத்துல எந்தப் பகுதிம்மா ரொம்ப உதவுச்சு?"

அவள் வழக்கம் போலத் தலையைக் குனிந்து கீழே பார்த்தாள்.

"புத்தகமா? அது இன்னும் உங்க காலுக்குக் கீழதானே சார் இருக்கு!"